மாஸ்டரின் கையில் ஊசி

உடம்பை ஏற்றப் போடும் ஸ்டீராய்டு ஊசி வேலை செய்யும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் தொழிலில் இருக்கும் பலர் இதை மறைத்தே பேசுகிறார்கள். "அதெல்லாம் வெறும் தண்ணி உடம்பு தம்பி, விட்டா ஒரே மாசத்துல இறங்கிடும்" என்று பையன்களிடம் சொல்வது எங்கள் உடற்பயிற்சிக் கூடங்களில் வழக்கம். நல்லெண்ணத்தில் சொல்லும் பொய்தான். ஆனால் கேட்கிற பையன் முட்டாள் இல்லை. பக்கத்து பெஞ்சில் படுத்து எடை தூக்கியவன் மூன்று மாதத்தில் எப்படி மாறினான் என்பதை அவன் கண்ணால் பார்க்கிறான். நாம் சொன்னது பொய் என்று தெரிந்த அன்றைக்கே, ஈரலைப் பற்றியும் இதயத்தைப் பற்றியும் நாம் சொன்ன உண்மைகளையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிறான். அதற்குப் பிறகு அவன் காதில் விழுவது ஊசி விற்கிறவனின் பேச்சு மட்டுமே.

1996இல் அமெரிக்காவில் ஷலேந்தர் பாசின் என்ற மருத்துவரின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. எடை தூக்கிப் பழக்கமுள்ள 43 ஆண்கள், பத்து வாரம். ஒரு பாதிக்கு டெஸ்டோஸ்டிரோன், அதுவும் குறைபாடு உள்ளவர்களுக்குக் கொடுக்கும் அளவைப்போல் ஆறு மடங்கு. மறு பாதிக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. இரண்டு பாதியிலும் சிலர் ஒழுங்காக எடை தூக்கினார்கள், சிலர் எந்தப் பயிற்சியும் செய்யவில்லை. வெற்று ஊசியோடு பயிற்சி செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான உடல் எடை சராசரியாக 1.9 கிலோ கூடியது. மருந்தைப் போட்டுக்கொண்டு பயிற்சியே செய்யாதவர்களுக்கு 3.2 கிலோ கூடியது. மருந்தும் பயிற்சியும் சேர்ந்தவர்களுக்கு 6.1 கிலோ. வியர்வை சிந்தியவனைவிடச் சும்மா இருந்தவனுக்கு அதிகம் கூடியது என்பதை ஒரு பயிற்சியாளன் படித்தால் மனசு ஆடித்தான் போகும். எனக்கும் ஆடியது. ஆனாலும் இந்த எண்களை என் கூடத்துப் பையன்களுக்குச் சொல்கிறேன். சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறேன்.

நான் வடசென்னையில், ராயபுரம் பக்கம் ஒரு தகரக் கூரைக்குக் கீழே பழகியவன். எங்கள் ஆசான் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கூடத்தில் ஒரு நீள ராடு, சில துருப்பிடித்த பிளேட்டுகள், இரண்டு கர்லாக்கட்டை, மரப் பலகையில் ஒரு பெஞ்ச். சுவரில் ஆஞ்சநேயர் படம், அதற்குப் பக்கத்தில் மனோகர் ஐச் படம். ஐந்தடிகூட உயரமில்லாத அந்த வங்காளி 1952இல் மிஸ்டர் யுனிவர்ஸ் ஆனவர். வெள்ளைக்கார அதிகாரியை அடித்ததற்காகச் சிறைக்குப் போய் அங்கேயும் உடற்பயிற்சியை விடாதவர். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 2016இல் இறந்தவர். டயனபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை சீபா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1958இல்தான். அமெரிக்க எடைதூக்கும் அணியோடு இருந்த ஜான் ஜீக்லர் என்ற மருத்துவர், 1954இல் வியன்னாவில் நடந்த உலகப் போட்டிக்குப் போய், சோவியத் வீரர்கள் டெஸ்டோஸ்டிரோன் எடுப்பதைத் தெரிந்துகொண்டு வந்தார். பிறகு தன் வீரர்களுக்கு டயனபாலைக் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் தாங்களாகவே அளவைக் கூட்டிக்கொண்டே போனதைப் பார்த்துப் பின்னாளில் மனம் வருந்தினார். ஆக, மனோகர் ஐச் பட்டம் வாங்கியபோது அந்த மாத்திரை கடைக்கே வரவில்லை. ஆசான் இதை எங்களுக்குச் சொன்னதில்லை, அவருக்குத் தெரிந்திருக்கவும் வழியில்லை. "அந்த ஆள் உசரத்தப் பாருடா, தோளப் பாருடா" என்பதோடு அவர் பாடம் முடிந்துவிடும்.

அன்றைக்கு எங்கள் சாப்பாடு, ராத்திரி ஊறவைத்த கொண்டைக்கடலை, வேகவைத்த முட்டை, காசிமேட்டில் மலிவாகக் கிடைத்த மத்தி, ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி. கை ஓர் அங்குலம் கூடுவதற்கு ஒரு வருஷம் ஆகும். அதைப் பற்றி யாரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. வேகமாக வளர்ந்த இன்னொரு கையை யாரும் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளில் 'டெகா' வந்தது. அது ஒன்றும் கள்ளச் சரக்கு இல்லை. ரத்தசோகைக்கும் எலும்புத் தேய்மானத்துக்கும் டாக்டர்கள் எழுதிக்கொடுத்த நாண்ட்ரோலோன் ஊசிதான். மருந்துச் சட்டப்படி இது ஷெட்யூல் ஹெச் வகை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சீட்டு கேட்காத கடை எது என்று ஒவ்வொரு வட்டாரத்திலும் பையன்களுக்குத் தெரியும். முதலில் போட்டிக்குப் போகிறவர்கள் மட்டும் போட்டார்கள். மிஸ்டர் மெட்ராஸ், மிஸ்டர் தமிழ்நாடு என்று மேடை ஏறுகிறவர்கள். அதில் ஒரு கணக்கு இருந்தது. ரயில்வேயும் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்பும் காவல் துறையும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுப்பார்கள். ஒரு மெடல், ஒரு சான்றிதழ், ஓர் அரசாங்க வேலை. அந்த வேலையில் ஒரு குடும்பமே கரையேறும். வியாசர்பாடியிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் வந்த பையனிடம் போய், உன் ஈரல் என்ன ஆகும் என்று கேட்டால், என் தங்கச்சி கல்யாணம் என்ன ஆகும் என்று திருப்பிக் கேட்பான். அந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ள எனக்கு மனசு வராது.

2008இல் 'வாரணம் ஆயிரம்' திரைப்படம் வந்த பிறகு கூட்டம் மாறியது. மேடையே ஏறப்போகாத பையன்கள் செல்போனில் அதன் நாயகன் சூர்யாவின் படத்தோடு வந்தார்கள். "மாஸ்டர், இது எத்தன மாசத்துல வரும்?" ஏ.சி. போட்ட ஜிம்கள் தெருவுக்குத் தெரு வந்தன. அங்கே வேலை பார்க்கும் ஃப்ளோர் டிரெய்னருக்குச் சொற்பச் சம்பளம். மிச்சத்தை அவர் பர்சனல் டிரெய்னிங் கமிஷனிலும் புரோட்டீன் பவுடர் விற்பனையிலும் சம்பாதித்துக்கொள்ள வேண்டும். அவருடைய விளம்பரம் அவருடைய உடம்பு. கண்ணாடிக்கு முன்னால் அவர் நின்றால் பத்துப் பேர் திரும்பிப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளரின் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு மாதாமாதம் வெளியிட வேண்டும். மூன்று மாதத்தில் அப்படி ஒரு படம் இயற்கையாக வராது. அந்த இடத்தில்தான் ஊசி உள்ளே நுழைகிறது. முதலில் டிரெய்னர் தனக்குப் போட்டுக்கொள்கிறார். பிறகு, "நான் போடறேன், எனக்கு என்ன ஆச்சு?" என்று சொல்லி வாடிக்கையாளருக்கும் போடுகிறார்.

இந்தத் தொழிலில் இத்தனை காலம் இருந்து நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். இருபது வயதுப் பையன் தானாக மருந்துக்கடை தேடிப் போவது அபூர்வம். அவனுக்கு ஒரு மாஸ்டர் சொல்கிறார். பெயரைச் சொல்லி, அளவைச் சொல்லி, பல நேரம் தன் கையாலேயே இடுப்பில் குத்தியும் விடுகிறார். 'கோர்ஸ்' என்பார்கள், 'சைக்கிள்' என்பார்கள். டாக்டர் வைக்கிற கோர்ஸ் மாதிரியே கேட்கும். வெளியே யாராவது கேட்டால், "சிக்கனும் வெள்ளக்கருவும் தான் ப்ரோ" என்று அதே மாஸ்டர் சொல்வார். அதை நம்பி, ஊசி போடாத இன்னொரு பையன் தினம் எட்டு முட்டை தின்று, உடம்பு வராமல், தன்னிடம் ஏதோ குறை என்று குமைகிறான். ஊசி போட்டவனுக்கு உடம்பில் கேடு. போடாதவனுக்கு மனசில் கேடு. இரண்டுக்கும் காரணம் ஒரே ஆள்.

ஊசி போட்டவனைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ரத்தப் பரிசோதனை தேவையில்லை. ஐந்தாறு வாரத்தில் முகம் வட்டமாகும். தோளும் கழுத்துச் சரிவும் உடம்பின் மற்ற பாகத்தை முந்திக்கொண்டு எழும். முதுகில் பெரிய பெரிய பருக்கள். அதனால் கையில்லாத பனியனை விட்டுவிட்டு டீ-ஷர்ட்டுக்கு மாறுவான். சின்ன விஷயத்துக்குச் சண்டைக்கு நிற்பான். பெஞ்ச் பிரஸ்ஸில் எடை தாறுமாறாக ஏறும். சதை வேகமாக வளர்கிறது, தசைநாண் அந்த வேகத்துக்கு வளர்வதில்லை. மார்புத் தசைநாணோ கைத் தசைநாணோ ஒருநாள் 'பட்'டென்று அறுந்துபோகும். அப்புறம் ஒருநாள் தனியாக வந்து தலையைக் குனிந்துகொண்டு கேட்பான்: "மாஸ்டர், பனியன் பட்டாலே காம்பு வலிக்குது." உடம்பில் அளவுக்கு மிஞ்சிய டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறும். மார்புக் காம்புக்குக் கீழே கட்டி கட்டும். கட்டி முற்றி இறுகிவிட்டால் மாத்திரைக்குக் கரையாது, கத்தி வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆண்மையின் உருவம் வேண்டும் என்று போன பையன் அந்த அறுவை சிகிச்சைக்காக அம்மாவின் நகையை அடகு வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் மருந்தும், மூட்டு வாதத்துக்கும் தோல் நோய்க்கும் கொடுக்கும் மாத்திரையும் வேறு குடும்பம். அவை சதையைக் கூட்டாது. 'ஸ்டீராய்டு' என்ற பேரைக் கேட்டுப் பயந்து பிள்ளையின் இன்ஹேலரை நிறுத்திய ஒரு தாய் என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னார். அன்றைக்கே அவரை டாக்டரிடம் திருப்பி அனுப்பினேன். நான் பேசுவது டெஸ்டோஸ்டிரோனையும் அதன் மாதிரியில் செய்த மருந்துகளையும் பற்றி மட்டும்.

எங்கள் கூடத்தில் பழகி, பிறகு வேறு இடம் போய், அங்கே ஊசிக்குப் பழகிய ஒருவர் கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து ஒரு கோப்போடு வந்தார். குழந்தையில்லை. அந்தக் கோப்பில் முக்கால்வாசி அவர் மனைவியின் பரிசோதனைகள். ஸ்கேன், ஹார்மோன் சோதனை, கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரே. அந்தப் பெண் குழந்தை வரம் வேண்டித் திருக்கருகாவூர் கோயிலுக்குப் போய் நெய் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். வளைகாப்பு வீட்டுக்குப் போனால் ஓரமாக நிற்க வைத்திருக்கிறார்கள். மாமியார் வாயில் கேட்ட பேச்சு எத்தனையோ. அத்தனை நாளும் புருஷனைச் சோதிக்க வேண்டும் என்று வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவருடைய தோளையும் மார்பையும் பார்த்தால் யாருக்குத் தோன்றும்? கடைசியில் ஒரு பெண் மருத்துவர் பிடிவாதமாகக் கேட்டு விந்துப் பரிசோதனை செய்ய வைத்தார். உயிரணு ஒன்றுகூட இல்லை.

"மாஸ்டர், நான் போட்டதே ஆம்பள ஹார்மோன். அது கூடத்தானே செய்யணும்?" என்றார். குரலில் கோபமில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. அந்த மருந்தை விற்றவர் அவருக்கு இதைச் சொல்லவேயில்லை.

மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோன்களை அனுப்பி விதைகளை வேலை வாங்குகிறது. ஒன்று டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் சொல்வது, மற்றது விந்தணுவை உண்டாக்கத் துணை நிற்பது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு இருந்தால் மூளை அந்தக் கட்டளையைக் குறைத்துக்கொள்ளும். மாடியில் தொட்டி நிறைந்தால் மோட்டார் தானாக நிற்பதைப்போல. வெளியே லாரித் தண்ணீரை வாங்கி வாங்கித் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தால் வீட்டு மோட்டார் ஓடவே ஓடாது. அதுதான் நடக்கிறது. ஊசியிலிருந்து வரும் ஹார்மோன் ரத்தத்தில் நிறைய இருக்கும். ஆனால் விந்தணு உருவாக விதைக்குள்ளேயே ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் வேண்டும். அது உள்ளே சுரந்தால்தான் உண்டு. கட்டளை நின்றதும் அந்தச் சுரப்பும் நிற்கிறது, விதைகள் சுருங்குகின்றன, எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்குகிறது. டெஸ்டோஸ்டிரோனை ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகப் பயன்படுத்த முடியுமா என்று உலக சுகாதார நிறுவனமே ஆராய்ச்சி நடத்தியிருக்கிறது. கருத்தடைக்குச் சோதித்த பொருளைத்தான் ஜிம்மில் ஆண்மைக்கு என்று விற்கிறார்கள்.

அவர் ஊசியை நிறுத்தி, ஆண் மலட்டுத்தன்மை மருத்துவரிடம் சிகிச்சை எடுத்து, ஒரு வருஷத்துக்கு மேலான பிறகு எண்ணிக்கை மெல்ல ஏறியது. பெரும்பாலானவர்களுக்கு மாதக் கணக்கிலோ ஒன்றிரண்டு வருஷத்திலோ திரும்பிவிடும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். எல்லாருக்கும் திரும்பும் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கமாட்டார். அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. சாக்லேட்டோடு வந்து சொன்னார். உங்கள் அம்மாவிடம் உண்மையைச் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன். அந்தப் பெண் சுமந்த பழியை இறக்கி வைப்பது அவர் கடமை. அதை ஒத்திப்போட நான் சம்மதிக்கவில்லை.

நிறுத்தும்போது வரும் இருட்டைப் பற்றி விற்பவர்கள் ஒருபோதும் முழுதாகப் பேசமாட்டார்கள். வெளியிலிருந்து வந்தது நின்றுவிட்டது, உள்ளே இன்னும் சுரக்கத் தொடங்கவில்லை. அந்த இடைவெளியில் உடம்பு இறங்கும், ஆசை அற்றுப்போகும், தூக்கம் கெடும், காரணமில்லாமல் அழுகை வரும். இதற்குத்தான் 'பிசிடி' என்று இன்னொரு பொட்டலம் விற்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்கும் குழந்தைப் பேற்றுச் சிகிச்சைக்கும் உரிய மாத்திரைகள் அதில் இருக்கும். அதை எடுத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று உத்தரவாதம் கொடுப்பார்கள். அப்படி உத்தரவாதம் கொடுக்க யாராலும் முடியாது. டென்மார்க்கில் நடந்த ஆய்வில், ஊசியை விட்டுச் சில வருஷமான ஆண்களுக்கும் டெஸ்டோஸ்டிரோன் அளவு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. அந்த இருட்டைத் தாங்க முடியாமல் மறுபடி ஊசிக்குப் போகிறவர்கள் பலர். மூன்று மாதக் கோர்ஸ் என்று தொடங்கியது ஐந்து வருஷமாவது இப்படித்தான்.

இதயம் சத்தமில்லாமல் கெடும். மாத்திரையாக விழுங்கும் ஸ்டானோசொலோல், டயனபால் போன்றவை நல்ல கொழுப்பான எச்.டி.எல்.லைச் சரித்துவிடும், ஈரலையும் வதைக்கும். ஊசி, சிவப்பணுக்களைப் பெருக்கி ரத்தத்தைக் கெட்டியாக்கும். ரத்த அழுத்தம் ஏறும். இதயத்தின் சுவர் தடிக்கும். 2017இல் அமெரிக்காவில் 140 எடைப்பயிற்சியாளர்களைச் சோதித்தார்கள். 86 பேர் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், 54 பேர் எடுக்காதவர்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எவ்வளவை வெளியே தள்ளுகிறது என்று பார்த்தார்கள். எடுக்காதவர்களுக்குச் சராசரி 63 சதவீதம். எடுத்தவர்களுக்கு 52. மேடையில் சிங்கம்போல் நிற்கிறவனின் உள்ளே இருக்கும் கணக்கு இது.

போட்டிக்கு முந்தின இரவை நேரில் பார்த்தவன் நான். தோலுக்கு அடியில் இருக்கும் நீர் வற்றினால்தான் 'கட்ஸ்' எனும் தசைக் கோடுகள் தெரியும் என்று தண்ணீரை நிறுத்துவார்கள், நீர் பிரியும் மாத்திரையைப் போடுவார்கள். உதடு வெடித்திருக்கும், தொடை இழுத்துக்கொள்ளும், கலர் அடித்த உடம்போடு தரையில் படுத்து முனகுவார்கள். பொட்டாசியம் தாறுமாறானால் இதயத் துடிப்பு தடம்புரளும். உலக அளவில் பேர் வாங்கிய முகமது பெனஸிசா 1992இல் நெதர்லாந்தில் போட்டி முடிந்த கையோடு இறந்ததும், ஆஸ்திரியாவின் ஆண்ட்ரியாஸ் முன்ஸர் 1996இல் 31 வயதில் உறுப்புகள் செயலிழந்து இறந்ததும் இந்தத் தொழிலில் எல்லாரும் அறிந்த கதை. அறிந்தும் செய்கிறார்கள். இப்போது அறுவை சிகிச்சையின்போது ரத்த அழுத்தம் சரிந்தால் போடும் மெஃபென்டெர்மின் ஊசியையும், பயிற்சிக்கு முன் உற்சாகம் வேண்டும் என்று போடுகிறார்கள். அது சதையைக்கூட வளர்க்காது. இதயத்தைச் சாட்டையால் அடித்து ஓடவிடும், அவ்வளவுதான்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. எடை தூக்க வரும் பெண்கள் இன்று நிறையப் பேர், பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. அவர்களுக்கும் 'லேசான மாத்திரை' என்று நீட்டுகிறவர்கள் வந்துவிட்டார்கள். பெண்ணின் குரல் ஒருமுறை தடித்துவிட்டால் மருந்தை நிறுத்தினாலும் பழைய குரல் வருவதில்லை.

பயிற்சியாளரின் கைதான் இதில் முதல் குற்றவாளி என்று நான் சொல்வதற்கு உலகத்தின் மிகப் பெரிய சாட்சி கிழக்கு ஜெர்மனி. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அங்கே அரசாங்கமே திட்டம் போட்டு வீரர்களுக்கு ஓரல் டூரினபால் என்ற மாத்திரையைக் கொடுத்தது. பதின்பருவச் சிறுமிகளுக்கு அது வைட்டமின் என்று சொல்லி அவர்களுடைய பயிற்சியாளர்களே கொடுத்தார்கள். அப்படி ஆயிரக்கணக்கானவர்கள். விளையாட்டுத் துறையின் தலைவராக இருந்த மான்ஃப்ரெட் எவால்டும், மருத்துவர் மான்ஃப்ரெட் ஹோப்னரும் 2000இல் பெர்லின் நீதிமன்றத்தில் உடலுக்குக் கேடு விளைவிக்கத் துணைபோன குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். நம் நாட்டில் 2011இல் தேசிய அளவிலான ஓட்டப்பந்தய வீராங்கனைகள் ஆறு பேர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்கள். டெல்லி காமன்வெல்த் போட்டியிலும் குவாங்சோ ஆசியப் போட்டியிலும் 4x400 மீட்டர் தொடரோட்டத்தில் தங்கம் வாங்கிய அணியில் மூன்று பேர் அந்த ஆறில் இருந்தார்கள். பயிற்சியாளர் தந்த ஜின்செங் மாத்திரையில்தான் ஊக்கமருந்து கலந்திருந்தது என்றார்கள் அந்தப் பெண்கள். வெளிநாட்டுப் பயிற்சியாளரை வேலையிலிருந்து நீக்கினார்கள். பெண்களுக்கு முதலில் ஒரு வருஷத் தடை, சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்தில் அது இரண்டு வருஷமானது. விதி அப்படித்தான்: உடம்பில் இருந்தால் பொறுப்பு உடம்புக்காரருக்கு. விதியைக் குறை சொல்லவில்லை. ஆனால் மாஸ்டர் கொடுத்தால் என்ன ஏது என்று கேட்காமல் வாயில் போட்டுக்கொள்வது நம் ஊர் வளர்ப்பு. அந்த நம்பிக்கையின் எடையை அறியாதவர் இந்த வேலைக்கு வரவே கூடாது.

2023இல் நம் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை எடுத்த 5,606 மாதிரிகளில் 213இல் தடைசெய்த மருந்து இருந்தது. அந்த அளவுக்கு மாதிரிகள் எடுத்த நாடுகளில் இதுதான் அதிக விகிதம். 2022இல் ஊக்கமருந்துத் தடுப்புக்கென்று தனிச் சட்டமும் வந்துவிட்டது. இவையெல்லாம் போட்டிக்குப் போகும் வீரர்களுக்கு. தெருமுனை ஜிம்மில் மாலையில் வந்து போகிற ஐ.டி. பையனையோ, டெலிவரி ஓட்டும் பையனையோ, கல்லூரி மாணவனையோ யாரும் சோதிப்பதில்லை. டென்மார்க்கில் ஜிம்முக்கு வருகிறவர்களையும் சோதிக்கிறார்கள். அப்படிச் சிக்கிய 545 ஆண்களைத் தொடர்ந்து கவனித்ததில், அதே வயதுள்ள மற்ற ஆண்களைவிட அவர்களிடையே இறப்பு மூன்று மடங்கு இருந்தது. நம் ஊரில் அப்படிக் கணக்கெடுக்க ஆளில்லை. ஜிம் போன பையன் சுருண்டு விழுந்து இறந்தான் என்று செய்தி வரும்போது, அதிகமாகப் பயிற்சி செய்ததால் என்று பேசி முடித்துவிடுகிறோம். சிலர் இதையே சாக்காக வைத்து உடற்பயிற்சியே ஆபத்து என்கிறார்கள். அது இன்னொரு அநியாயம்.

என் கூடத்தில் சேர வருகிறவரிடம் நான் சொல்வது இதுதான். நன்றாகச் சாப்பிட்டு, எட்டு மணி நேரம் தூங்கி, ஒழுங்காக எடை தூக்கினால் முதல் வருஷம் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் வரும். இரண்டாம் வருஷம் அதில் பாதி. அதற்குப் பிறகு இன்னும் மெதுவாக. சினிமாவில் பார்த்தது வராமல் போகலாம். உங்கள் எலும்பு, உங்கள் அப்பா அம்மா கொடுத்த உடல்வாகு, அதற்கு ஓர் எல்லை உண்டு. பலர் இதைக் கேட்டுவிட்டு மூன்று மாத பேக்கேஜ் தேடிப் போய்விடுகிறார்கள். வருமானம் குறைகிறது, உண்மைதான். இருப்பவர்கள் பல வருஷம் இருக்கிறார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களும் காலையில் வந்து பஸ்கி எடுக்கிறார்கள்.

ஊசி போடுகிறவன் என்று தெரிந்தால் சில மாஸ்டர்கள் வெளியே அனுப்பிவிடுவார்கள். நான் அனுப்புவதில்லை. இதில் என் நண்பர்கள் பலர் என்னோடு சண்டை போடுகிறார்கள். கூடத்துக்குக் கெட்ட பேர் என்கிறார்கள். வெளியே அனுப்பினால் அவன் நேராகப் போவது ஊசி விற்கிறவரின் கூடத்துக்கு. இங்கே இருந்தால் குறைந்தபட்சம் வாரத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்கலாம், டாக்டரிடம் அழைத்துப் போகலாம், நிறுத்தும் மாதங்களில் பக்கத்தில் நிற்கலாம். கூடத்துக்குள் ஊசியைக் கொண்டுவந்தாலோ, இன்னொருவனுக்குச் சொல்லிக்கொடுத்தாலோ அன்றோடு சரி. இந்த இரண்டு விஷயத்தில் நான் இரக்கம் காட்டுவதில்லை. ஊசி போடுகிறவன் நோயாளி. போட்டுவிடுகிற மாஸ்டர் குற்றவாளி. இருவரையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது.

இதைப் படிப்பவர்களில் இப்போது ஊசி போட்டுக்கொண்டிருப்பவர் இருந்தால், உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். கடையில் வாங்கியது அசலா போலியா என்பது உங்களுக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. குப்பியின் மேல் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்று நம்பாதீர்கள். ஒருவர் குத்திய ஊசியை இன்னொருவர் தொடாதீர்கள். மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் அப்படித்தான் பரவுகின்றன. இந்த வாரத்திலேயே ஒரு டாக்டரைப் பாருங்கள். எக்கோ எடுங்கள். ரத்தத்தில் கொழுப்பு, ஈரல், சிறுநீரகம், சிவப்பணு அளவு, ஹார்மோன் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். அரசுப் பொது மருத்துவமனையிலேயே பார்க்கலாம். என்ன மருந்து, எத்தனை மாதம், யார் கொடுத்தது என்று மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கமாக இருந்தால் காலிக் குப்பிகளைக் கையில் எடுத்துக்கொண்டு போய் மேசைமேல் வையுங்கள். மிச்சத்தை டாக்டர் கேட்டுக்கொள்வார். கல்யாணம் பேசிக்கொண்டிருந்தால் அதற்கு முன் விந்துப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.